பச்சைப் புள்ளி

மாடி வீடு, தனி வாசல், தண்ணீர்க் கஷ்டம் இல்லை.
சைவம் மட்டும்.
பெருமாள்புரத்தில் ஒப்பந்தம் எழுதிய அன்று
அட்வான்ஸோடு நாக்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.
பதினோரு மாதத்துக்கு.

இன்று வார விடுமுறை. வண்ணார்பேட்டைக் கடையில்
ஐஸ்கிரீமுக்கும் பட்டாணிக்கும் நடுவே
விறைத்துக் கிடந்தன பஃப் மாவுத் தாள்கள்.
செய்தித்தாளில் சுற்றி, துண்டில் சுற்றி,
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்டு அம்மாள் "மருந்தா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

லீட்ஸில் இரவுப் பணி முடிந்த காலைகளில்
ரயில் நிலையக் கடையில் ஒரு சாசேஜ் ரோல்.
காகிதப்பை எண்ணெயில் கண்ணாடியாகும்.
கையுறைக்குள் சூடு,
வாய்க்குள் பன்றி, மிளகு, பெயர் தெரியாத ஓர் இலை.

இங்கே பன்றிக்குப் பதில் மீல் மேக்கர்.
வெந்நீரில் ஊறியதை
துணி பிழிவதுபோல் பிழிய வேண்டும்,
இல்லாவிட்டால் மாவு அழுதுவிடும்.
சேனை ஒரு துண்டு, வறுகடலை ஒரு கை,
சோம்பு, மிளகு, சிவக்கச் சிவக்க வெங்காயம்.
அந்த இலைக்குப் பதில்
பால்கனித் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லி.
நாலே இலை கிள்ளிப் போட்டேன்.
கிட்டே வந்தது. ரொம்பக் கிட்டே வந்தது.

கத்திரி வெயில் ஊருக்குப் பழக்கம், மாவுக்குப் புதிது.
உருட்டி முடிப்பதற்குள் வியர்த்து
விரலோடு எழுந்து வந்தது.
பாதி சுற்றியதை ஃப்ரிஜுக்குள் தள்ளி
கதவைத் திறந்தபடி நானும் கொஞ்சம் நின்றேன்.
ஓவன் சூடான நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.
நாற்பது நிமிடம்.
முட்டைக்குப் பதில் பால்
மகளின் வாட்டர்கலர் தூரிகையால் பூசினேன்.
கழுவியதுதான். ஆனாலும்
ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் நீலம்.

ஆறு மணிக்கு மணம் எழுந்தது.
மணத்துக்குப் படிக்கட்டு தெரியும் என்பதை
நான் மறந்திருந்தேன்.

பிரமநாயகம் சார் மேலே வந்தார்.
சட்டை போட்டுக்கொண்டு வந்தார், அதுதான் பயம்.
"என்னம்மா பண்ணுதிய? கீழ வரைக்கும் வாடை வருது."
வாசனை என்று சொல்லவில்லை.

குப்பைக்கூடையிலிருந்து உறைகளை எடுத்து நீட்டினேன்.
நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி
பச்சைப் புள்ளியைத் தேடினார்.
மாவு உறையில் ஒன்று. மீல் மேக்கரில் ஒன்று.
காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல்
விரலால் தடவினார்.
பிறகு என்னை ஒருதரம் பார்த்தார்,
எங்கே அச்சடித்திருக்கிறது என்பதுபோல்.

"பேரு என்ன இதுக்கு?"
"சோயா பஃப்" என்றேன்.
"சாசேஜ் ரோல், தாத்தா" என்றாள் மகள்
உள்ளிருந்து, சத்தமாக.

ஓவன் மணி அடித்தது.
திறந்தேன். வேறென்ன செய்ய?
அடுக்கடுக்காய் உப்பி, அடியில் ஒன்று கருகி,
நீல ஓரத்தோடு ஒன்றும்.
நின்று பார்த்தார்.
"ரெண்டு வை. அவளுக்குக் காட்டுதேன்."
படியிறங்கும்போது சொல்லிக்கொண்டார்,
"காட்டத்தான்."

ஒன்பதரைக்கு உலகம்மையக்கா தட்டைக் கொண்டுவந்தாள்.
வெறும் தட்டாய்த் தரக் கூடாதென்று
நாலு மோர் மிளகாய் வைத்திருந்தாள்.
"அவிய ஒண்ணரை தின்னாவ. எனக்கு அரைதான்."
போகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள்.
உதட்டோரம் மாவுச் செதில் ஒன்று
விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.
"ஏளா, நெசத்துலயும் இப்படித்தான் இருக்குமா?"

யோசித்தேன். காகிதப்பை, கையுறை, இலை.
"மேல் தோல் இப்படித்தான் இருக்கும்க்கா."

"உள்ள?"

கீழே டிவி நின்றது.
ரெண்டு பேரும்
மோர் மிளகாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.